பங்குக்காரர் வீடு: ஒரு சிறு வங்கியின் கதையும் சேரியின் கணக்கும்

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மணிமங்கலத்தில் எந்த வீட்டுக்கு எவ்வளவு நிலம் என்பதை விரல் மடக்கிச் சொல்லும். அதன் பேச்சில் 'பங்குக்காரரு வூடு' என்று ஒன்று அடிக்கடி வரும். 'பங்குக்காரரு வூட்ல களை எடுக்கப் போனேன்', 'பங்குக்காரரு வூட்ல இன்னிக்கிக் கூலி குடுக்கல'. நான் படித்தது சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடம். அங்கே பங்கு என்றால் கோயில் எல்லை, பங்குத்தந்தை என்றால் பெரிய சாமியார். ஆகவே பங்குக்காரர் என்பவர் ஏதோ கோயில் உத்தியோகஸ்தர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். அப்புறம் எம்.ஏ. தமிழ் படிக்கப் போய், செங்கல்பட்டு மிராசு முறை பற்றிய பழைய எழுத்துகளைப் புரட்டியபோதுதான் ஆயாவின் வாயில் இருந்தது இருநூறு வருஷத்துக் கலைச்சொல் என்று உறைத்தது.

இந்தச் சொல்லை மறுபடியும் எடுத்து வைத்துப் பார்க்கும்படி செய்தவன் எங்க காலனித் தம்பி ஒருவன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. செல்போனில் பங்கு வாங்கி விற்கும் செயலி வைத்திருக்கிறான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து கேட்டான்: "அக்கா, தூத்துக்குடியில ஒரு பேங்க் இருக்குது. அதுக்கு ப்ரமோட்டரே இல்லைன்னு போட்டிருக்கான். ஓனரே இல்லாத பேங்க்கா? அப்ப நாம வாங்குனா நாமளும் ஓனரா?"

அவன் கேட்டது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியைப் பற்றி. நல்ல கேள்வி. பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் பங்குகள் யார் யார் கையில் இருக்கின்றன என்று ஒரு அட்டவணை கொடுக்க வேண்டும். அதில் முதல் கட்டம் நிறுவனரும் அவர் கூட்டமும், அதாவது உள்ளாட்கள். அடுத்து மியூச்சுவல் பண்டு, ஆயுள் காப்பீடு, வெளிநாட்டு முதலீட்டாளர் என்று நிறுவனங்கள். கடைசியில் சில்லறை ஜனங்கள். இந்த வங்கியின் அட்டவணையில் முதல் கட்டம் காலி. ஆனால் தென் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அது யாருடைய வங்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஊருக்கே தெரிந்த ஒன்று அட்டவணையில் ஏன் பூச்சியமாக இருக்கிறது? இதை யோசிக்க வேண்டுமானால் பங்கு என்ற சொல்லின் அடியிலிருந்து வரவேண்டும்.

தொண்டைமண்டலத்தில், குறிப்பாக இந்தச் செங்கல்பட்டுச் சீமையில், ஒரு கிராமத்தின் நிலம் முழுவதையும் இத்தனை பங்கு என்று வகுத்திருந்தார்கள். பங்கு வைத்திருப்பவன் மிராசுதாரன், அல்லது காணியாட்சிக்காரன். பல ஊர்களில் நிலத்தைக் கரையீடு செய்து அவ்வப்போது தங்களுக்குள் மாற்றிக் கொண்டார்கள். ஆகவே பங்கு என்பது இந்த வயல், அந்த வயல் என்பதல்ல. முழு ஊரின் மீதும் உள்ள ஒரு பின்னம். கால் பங்கு, அரைப் பங்கு என்று விற்கலாம், அடகு வைக்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம். கம்பெனிப் பங்கும் இப்படித்தானே? வங்கியில் பத்துப் பங்கு வைத்திருப்பவன் இந்த மேசை என்னுடையது என்று சொல்ல முடியாது. முழு வங்கியின் மீதும் அவனுக்கு ஒரு பின்னம் உண்டு, அவ்வளவுதான். 1816இல் எல்லிஸ் மிராசு உரிமை பற்றிய கேள்விகளுக்கு எழுதிய பதில்களைப் படிப்பவர்களுக்கு இந்த ஒற்றுமை தெரியும். வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குப் பங்கு முதலைக் கற்றுக் கொடுத்தான் என்று சொல்வதெல்லாம் பாதிதான் உண்மை.

இதற்கும் முன்னால் போகலாம். மணிமங்கலம் சோழர் காலத்தில் ஒரு சதுர்வேதிமங்கலம். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரெல்லாம் கல்வெட்டு. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் (கி.பி. 919, 921) கல்வெட்டில் குடவோலையில் பெயர் போட ஒருவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதம். மேடைக்கு மேடை இதைத் தமிழன் கண்ட ஜனநாயகம் என்று சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது ஒரு கம்பெனியின் உறுப்பினர் விதி மாதிரிதான் படுகிறது. குறைந்தபட்சப் பங்கு இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவனுக்குக் குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

சரி, அந்தப் பங்கில் நாம் எங்கே இருந்தோம்? ஆவணங்களைப் படிக்கும்போது வயிறு எரியும் இடம் இதுதான். சில கிராமங்களில் மிராசு கைமாறும்போது அதோடு அடிமைகளும் கைமாறியிருக்கிறார்கள். மரம், தோப்பு, கிணறு, படியாள். நாம் பங்காளிகளாக இருக்கவில்லை, பங்கில் அடக்கமாக இருந்தோம். அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 1843இல் ஆன பிறகும், சேரி மனைக்கட்டே மிராசுதாரன் பெயரில் இருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. தரிசு நிலத்துக்கு ஒரு பறையன் மனுப் போட்டால், முன்னுரிமை எனக்குத்தான் என்று மிராசுதாரன் குறுக்கே விழலாம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இதையெல்லாம் எழுதி மேலே அனுப்பினார். அதிலிருந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் எப்படி எப்படியோ கைமாறிப் போய், அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். காரணை என்றால் இந்தப் பக்கத்தில் பெரியவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்துவார்கள்.

நிலத்தில் பங்கு கிடைக்காதவர்கள் வேறு என்ன செய்யலாம்? காசில் பங்கு போடலாம். இதைச் செய்து காட்டிய ஒரு சமூகம் தெற்கே உண்டு. தம்பி கேட்ட வங்கி அவர்கள் கட்டியது. நாடார்களைப் பற்றிப் பேசும்போது நம் தோழர்கள் சிலருக்கு முகம் சுருங்கும். இன்றைக்கு அவர்கள் இருக்கும் இடம் வேறு என்பது உண்மைதான். ஆனால் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் 1899இல் சிவகாசி எரிந்ததையும், 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் அவர்கள் தோற்றதையும் விட்டுவிட முடியாது. தீட்டு என்று சட்டப்படி முத்திரை குத்தப்பட்டுத் திரும்பியவர்கள் அவர்கள்.

அவர்களிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருந்தது. மகமை. ஒவ்வொரு பேட்டையிலும் இறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குள் வசூலித்துக் கொண்ட பொதுப் பணம். உறவின்முறை அதைக் காத்தது. அதிலிருந்து விருதுநகரில் 1880களிலேயே பள்ளிக்கூடம் வந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம். அந்தச் சங்கத்தின் 1920ஆம் வருஷக் கூட்டத்தில் நமக்கு ஒரு வங்கி வேண்டும் என்ற பேச்சு எழுந்து, 1921 மே மாதம் 'நாடார் வங்கி' என்று பதிவாகி, அந்த நவம்பரில் தூத்துக்குடியில் கதவு திறந்தது. தோற்ற வழக்குக்கும் திறந்த வங்கிக்கும் நடுவே 13 வருஷம்தான். கோயில் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டவர்கள், பணப்பெட்டிக்குத் தாங்களே ஒரு கதவு செய்து கொண்டார்கள்.

அவர்கள் மட்டும்தானா என்றால் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் வங்கிகளின் பிறப்பே பெரும்பாலும் சாதிக் கூட்டத்தில் நடந்ததுதான். 1906இல் அர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகிச் சென்னையில் ஊர்ப் பணமெல்லாம் போனபின், 1907இல் இந்தியன் வங்கி. மயிலாப்பூர் வக்கீல் மூளையும் நகரத்தார் முதலும். 1916இல் கரூர் வைசியா வங்கி, பெயரிலேயே வருணம். 1926இல் அதே கரூரில் லட்சுமி விலாஸ். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ், 1943இல் மதுரா வங்கி, இரண்டும் செட்டியார் முதலில். பங்கு முதல் திரட்ட வேண்டுமானால் நம்பிக்கை வேண்டும். நம் நாட்டில் நம்பிக்கை கொடுக்கல் வாங்கலின் எல்லை கொண்டான் கொடுத்தான் எல்லையோடு முடிந்துவிடுகிறது. பெண் கொடுக்கிற வீட்டில்தான் பணமும் கொடுப்பார்கள். அகமணம்தான் சாதி என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் சொன்னதை வங்கிகளின் பங்குதாரர் பதிவேட்டிலும் வைத்துப் பார்க்கலாம்.

அந்த அம்பேத்கரே, பரோடாவிலிருந்து விரட்டப்பட்டு வந்து பம்பாயில் பிழைப்புத் தேடியபோது, பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். ஆள் யார், என்ன சாதி என்று தெரிந்ததும் வாடிக்கைக்காரர்கள் நின்று போனார்கள். 'ரூபாயின் சிக்கலை' 1923இல் புத்தகமாக எழுதிய ஆளிடம் எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்க ஆள் இல்லை. பங்குச் சந்தையில் சாதி கிடையாது என்று நம் தம்பிகளுக்குச் சொல்லித்தரும் யூடியூப் வாத்தியார்களுக்கு இது தெரியுமா?

தூத்துக்குடிக்கு வருவோம். அந்த வங்கி 1962இல் பெயரை மாற்றிக் கொண்டது. நாடார் போய்த் தமிழ்நாடு வந்தது. 1969இல் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது 50 கோடிக்கு மேல் வைப்புத் தொகை உள்ளவை மட்டும் போயின. இது சிறிய வங்கி, தப்பியது. 'தப்பியது' என்று எழுதும்போதே கை நிற்கிறது. யார் பக்கத்திலிருந்து பார்த்தால் தப்பியது? நாட்டுடைமையான வங்கிகளில் பிறகு இடஒதுக்கீடு வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் குமாஸ்தாவாக, காசாளராக, மேலாளராக உள்ளே போனது அந்தக் கதவு வழியாகத்தான். தனியார் வங்கிக்கு அந்தக் கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வங்கியின் பங்கு யார் கையில் என்பது காசுக்காரர்களின் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அந்த வங்கியின் பங்குக் கணக்கு விசித்திரமானது. மொத்தமே 2,84,454 பங்குகள். ஒரு பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். அதாவது பங்கு முதல் 29 லட்சம்கூட இல்லை. பல ஆயிரம் கோடி வைப்புத் தொகை புரளும் வங்கியின் சாவி அந்த இரண்டே முக்கால் லட்சத்துச் சில்லறைக் காகிதங்களில் இருந்தது. (வருஷா வருஷம் சேர்ந்த லாபம் கையிருப்பாக உள்ளே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஓட்டு, காகிதத்துக்குத்தான்.) இந்தக் காகிதங்கள் தாத்தா பெட்டியிலிருந்து பேரன் பெட்டிக்குப் போய்க் கொண்டிருந்த வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒருவர் நல்ல விலை சொன்னால் பேரன் விற்க மாட்டானா? விற்றான். 1990களின் நடுவில், சிவசங்கரனின் ஸ்டெர்லிங் குழுமமும் எஸ்ஸார் குழுமமும் சம்பந்தப்பட்ட கைமாற்றங்களில் 67 விழுக்காடு பங்கு சமூகத்துக்கு வெளியே போய்விட்டது.

அப்போதுதான் சத்தம் எழுந்தது. நம் வங்கி போச்சு, நம் முன்னோர் சொத்து போச்சு என்று கூட்டம், மறியல், அரசியல் தலைவர்களிடம் தூது. வாங்கியவர் பெயரில் பங்கை மாற்றிப் பதிவு செய்வதில் முட்டுக்கட்டை, ரிசர்வ் வங்கியில் முறையீடு, வழக்கு மேல் வழக்கு. மீட்பதற்கென்றே ஒரு பங்கு முதலீட்டாளர் மன்றம் அமைத்துச் சமூகத்தாரிடம் பணம் திரட்டினார்கள். போனதில் ஏறக்குறையப் பாதி திரும்பி வந்தது. மீதி 95,418 பங்குகள், அதாவது 33.5 விழுக்காடு, 2007இல் வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கைமாறின. அந்த மாற்றத்தின் மேல் அமலாக்கத் துறை அந்நியச் செலாவணிச் சட்டப்படி நடவடிக்கை எடுத்தது. அது இன்னொரு நீண்ட வழக்குக் கதை, இங்கே வேண்டாம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. சட்டம் சொல்வது: பப்ளிக் கம்பெனியின் பங்கு யாருக்கும் விற்கலாம். சமூகம் சொன்னது: விற்றவனுக்கு விற்கும் உரிமையே இல்லை, அது பொதுச் சொத்து. மிராசுக் கிராமத்திலும் இதே வாதம்தான். பங்கை வெளியாளுக்கு விற்றால் மற்றப் பங்காளிகள் எதிர்த்து நிற்பார்கள். இரண்டிலும் 'பொது' என்பதற்கு நமக்குள் என்றுதான் அர்த்தம். அந்த நாட்களின் முழக்கங்களைப் பின்னால் படித்தபோது எனக்கு இரண்டு மனசாக இருந்தது. ஒரு மனசு, பெரிய முதலாளி விழுங்க வந்தபோது ஒரு சமூகம் கைக்காசு போட்டு எதிர்த்து நின்றதே என்று வியந்தது. இன்னொரு மனசு, அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் தேரிக்காட்டுப் பனையேறி இருந்தானா என்று கேட்டது. மகமை வியாபாரியின் சரக்கில் பிடித்த காசு. பங்கும் வியாபாரி வீட்டில்தான் தங்கியிருக்கும். நாடாருக்குள்ளேயே பங்குக்காரர் வீடும் பனையேறி வீடும் வேறு வேறு. நாம் அந்த இரண்டுக்கும் அப்பால்.

ரிசர்வ் வங்கிக்கு உள்ளாட்களைக் கண்டு பயம் உண்டு. ஆனால் அந்தப் பயம் வேறு மாதிரியானது. ஊரார் பணத்தை வைத்திருக்கும் இடத்தில் ஒருவனே எல்லாமாகிவிட்டால், தனக்கும் தன் கம்பெனிகளுக்கும் கடன் கொடுத்துக் கொண்டு கதவைச் சாத்திவிடுவான் என்ற பயம். நியாயமானதுதான். அதனால்தான் 5 விழுக்காடோ அதற்கு மேலோ ஒருவர் கைக்குப் போவதற்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவரின் ஓட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 1990களின் நடுவில் அது 10 விழுக்காடு, 2016 முதல் 26. இந்த விதிகள் ஒரு ஆளை அளக்கின்றன, ஒரு குடும்பத்தை அளக்கின்றன, ஒரே குழுமத்துக் கம்பெனிகளைச் சேர்த்து அளக்கின்றன. சாதியை அளப்பதற்கு அவற்றிடம் கோல் இல்லை. ஆயிரம் வீடு ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருந்தால் சட்டத்தின் கண்ணில் அங்கே உள்ளாள் யாரும் இல்லை. தம்பி பார்த்த காலிக் கட்டம் இப்படித்தான் காலியானது. அதில் பொய் ஒன்றும் இல்லை. சட்டத்துக்கு அந்தக் கண் கிடையாது, அவ்வளவுதான்.

2012இல் எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லியில் அஜித், டோங்கர், சக்சேனா என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கோலை எடுத்து அளந்து பார்த்தார்கள். இந்தியாவின் 1,000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர்களில் ஏறக்குறைய 93 விழுக்காடு முற்பட்ட சாதியார். தலித்துகளும் பழங்குடிகளும் சேர்ந்து 3.5. நான் தாலுகா ஆபீசில் மனு எழுதும்போதுகூட இவ்வளவு சின்ன எண்ணைப் பார்த்ததில்லை.

அந்த வங்கி கடைசியாக 2022 செப்டம்பரில் பொதுப் பங்கு வெளியிட்டுச் சந்தையில் பட்டியலானது. அதற்கு முன்பே ஒரு பங்குக்கு 500 பங்கு போனஸ் கொடுத்திருந்தார்கள். வெளியீட்டு விலை 510 ரூபாய். பழைய 10 ரூபாய்ப் பங்கு ஒன்று 501 ஆகி, அன்றைய விலையில் 2,55,510 ரூபாய். தம்பிக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு பங்கா?" என்று மறுபடி கேட்டான். ஒன்றுதான். அன்றைக்கு வெளியீட்டு அறிக்கையில் வங்கியே சொல்லியிருந்தது, தன் பங்கு முதலில் மூன்றில் ஒரு பாகத்துக்கும் மேல் ஏதோ ஒரு வழக்கில் சிக்கியிருக்கிறது என்று. ஊர்ச் சொத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடப்பது மாதிரி.

உள்ளாட்கள் போய் நிறுவனங்கள் வந்துவிட்டால் விடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் கரூருக்குப் போகவேண்டும். லட்சுமி விலாஸ் வங்கியில் நிறுவனர் குடும்பங்களின் பங்கு கரைந்து கரைந்து 2020இல் 7 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. நிறுவன முதலீட்டாளர்களும் உள்ளே இருந்தார்கள். கடன் வாராக்கடனாகி வங்கி தள்ளாடியபோது, அந்த வருஷம் செப்டம்பர் 25ஆம் தேதி பொதுக்குழுவில் பங்குதாரர்கள் 7 இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். ஓட்டுக்கு இவ்வளவு பலமா என்று ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள், நவம்பர் 17இல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை. 27ஆம் தேதி வங்கி சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கம்பெனியோடு இணைப்பு. பங்குகள் மொத்தமும் எழுதித் தள்ளப்பட்டுப் பூச்சியம். வைப்புத்தொகை போட்டவர்கள் பிழைத்தார்கள், பங்குக்காரர்களிடம் காகிதம் மட்டும். டி.பி.எஸ்ஸில் பெரிய பங்கு சிங்கப்பூர் அரசின் டெமாசெக்கிடம். 94 வருஷத்துக்கு முன் கரூர் வியாபாரிகள் கூடித் தொடங்கியது இப்படிக் கடல் கடந்தது. மிராசும் இப்படித்தான் ஒருநாள் மதிப்பிழந்தது. ஆனால் மிராசுதாரன் அதற்கு முன்பே வக்கீலாகவும் தாசில்தாராகவும் ஆகிவிட்டிருந்தான்.

நிறுவன முதலீட்டாளர் என்றால் யார்? கோட்டுப் போட்ட ஆள் என்று நினைக்கிறோம். அது நம் காசுதான் தோழர்களே. எல்.ஐ.சி.யில் எங்க அம்மா கட்டிய பாலிசி. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிகளில் நம் பிள்ளைகள் சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி. 2015 ஆகஸ்டிலிருந்து அந்த நிதியில் ஒரு பாகம் குறியீட்டு நிதிகள் வழியாகப் பங்குச் சந்தைக்குப் போகிறது. அந்தக் குறியீடுகளில் பெரிய தனியார் வங்கிகள் முன் வரிசையில் இருக்கின்றன. ஆகவே தம்பி, நீ செல்போனில் ஒன்றும் வாங்காமலேயே வங்கிகளில் உனக்குப் பங்கு உண்டு. ஓட்டு மட்டும் இல்லை. அதை உன் சார்பில் வேறு ஒருவர் போடுவார். அந்த வங்கி சேரிக்குக் கடன் கொடுக்கிறதா, நம் ஆளை வேலைக்கு எடுக்கிறதா என்று அவர் கேட்கமாட்டார். பங்கில் அடக்கம் என்று சொன்னேனே, அது இதுதான்.

நம் பெயரிலேயே ஒரு கம்பெனி இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். தாட்கோ. 1974இல் தொடங்கியது. கம்பெனிச் சட்டப்படி பதிவான, பங்கு முதல் உள்ள அமைப்பு. அந்தப் பங்கு மாநில அரசுக்கு 51, ஒன்றிய அரசுக்கு 49. ஆதிதிராவிடருக்கு எத்தனை? பெயரில் மட்டும். கடனுக்கு மானியம் தாட்கோ தரும், கடனை வங்கி தரவேண்டும். வங்கியில் போய் நின்றால் தெரியும் கதை. எங்க மகளிர் குழுப் பெண்கள் 12 பேர் ஒரு கிளையில் (எந்த வங்கி என்று எழுதவில்லை, எல்லாம் ஒன்றுதான்) மூன்று வருஷம் சேமிப்புப் போட்டார்கள். கடன் கேட்டபோது மேலாளர் சொன்ன பதில்: "ஊர்ப் பக்கத்துல நிலம் இருக்குறவங்க யாராச்சும் ஜாமீன் போடுவாங்களாம்மா?" அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் கேட்டார். அம்மா வெளியே வந்து, "பங்குக்காரர் வூட்டுக்கே போகச் சொல்றாரு" என்றது. அப்போது எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் முழுசாகத் தெரிந்திருந்தது.

பங்கு முதலுக்கு எதிராகக் கூட்டுறவு என்று ஒன்று வந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. 1904இல் சட்டம் வந்ததும் இந்த மாகாணத்தின் முதல் கடன் சங்கம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் திரூரில்தான் பிறந்தது. அதே வருஷம் பெரிய காஞ்சிபுரத்தில் நகர வங்கி. 1919க்குப் பிறகு தொழிலாளர் துறை சேரிகளுக்கென்று தனியாகக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, மனைக்கட்டு வாங்கத் தவணைக் கடன் கொடுத்தது. மிராசுதாரன் மனையிலிருந்து எத்தனையோ சேரிகள் காலை எடுத்தது அந்த வழியில்தான். இதைப் பற்றி நம் பக்கத்திலிருந்து யாரும் விரிவாக எழுதவில்லை. திராவிட இயக்க வரலாற்றில் ஒரு வரி, காங்கிரஸ் வரலாற்றில் அதுவும் இல்லை. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் உட்கார நேரமுள்ள மாணவர்கள் யாராவது இதை எடுத்துச் செய்ய வேண்டும். நான் கூட வருகிறேன்.

அந்தச் சங்கங்கள் பல செத்துப்போயின. ஆயா போனபிறகு அதன் தகரப் பெட்டியை அம்மா திறந்தது. ரேஷன் கார்டு, தாத்தாவின் ஒரு போட்டோ, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு ரசீது. ஆதிதிராவிடர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பெயர் பாதி அழிந்திருந்தது. 'பங்குத் தொகை ரூ. 5' என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பெயருக்கு நேரே ஆயாவின் கைநாட்டு. சங்கம் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. தம்பி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது இப்ப எவ்ளோ போகும் அக்கா?" என்றான். பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு மாசத்துப் பால் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள்.